‘அது இல்ல’ பொத்தான்

வெள்ளிக்கிழமை பள்ளி வேனிலிருந்து இறங்கிய நேரம் முதல் ட்ரேசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீருடையைக்கூட மாற்றவில்லை. மடிக்கணினியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீடு துளசியின் வீடு. ட்ரேசிக்குப் பதினொரு வயது, துளசிக்குப் பத்து. மலேசியாவில் கோப்பெங் ஊருக்கு வெளியே, தாமான் என்று சொல்லும் ஒரே குடியிருப்பில், ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் அந்த இடமெல்லாம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. இப்போது வரிசை வரிசையாக வீடுகள்தான்.

துளசிக்கு எல்லாம் புரியும். யாராவது நகைச்சுவை சொன்னால் முதலில் சிரிப்பது அவள்தான். ஆனால் அவள் வாயில் சொல் வராது. ‘ஊ’, ‘ஆ’, ‘ம்’ என்றுதான் வரும். சக்கர நாற்காலியில்தான் இருப்பாள். வலது கை மடங்கியே இருக்கும். இடது கை நீளும், ஆனால் நினைத்த இடத்தில் போய் நிற்காது. கொஞ்சம் கீழே விழுந்து, பிறகு இழுத்துக்கொண்டு நகரும்.

துளசியின் ‘ஊ’ எதற்கு, ‘ஆ’ எதற்கு என்று அவள் அம்மா புஷ்பலதாவுக்குத்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. வரும் திங்கட்கிழமை முதல் நாள். காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால் திரும்பி வர மாலை ஆறரை ஆகும்.

துளசி காலையில் சிறப்பு வகுப்புக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு வந்துவிடுவாள். அதற்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு முத்தம்மா அக்கா ஒப்புக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். தையல் இயந்திரத்தைத் துளசி வீட்டுக்கே கொண்டு வந்து தைப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு ஒரு பயம்.

“பாத்துக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லலா, புஷ்பா. ஆனா அவ ‘ஊ’ன்னா எனக்கு என்னா தெரியும்? பசிக்குதா, வயிறு வலிக்குதா? புள்ளைய அழ விட்டுட்டு நான் முழிச்சிக்கிட்டு நிக்கணுமா?”

புஷ்பலதா யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். “ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்போம். முத்தம்மாவுக்கு இவ சொல்றது புரியலேன்னா, தைப்பிங்ல இருக்கிற எங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

தைப்பிங் என்றால் பக்கத்துத் தெரு இல்லை. துளசி போய்விட்டால் பிறகு பள்ளி விடுமுறையில்தான் பார்க்க முடியும்.

“மத்தியானம் நான் இருக்கேனே ஆன்டி,” என்றாள் ட்ரேசி.

“உனக்குப் பாடம் இல்லையா, டியூஷன் இல்லையா? எல்லா நாளும் நீ இருக்க முடியுமா கண்ணு?”

அதனால்தான் ட்ரேசி மடிக்கணினியில் இறங்கினாள். பள்ளிக் கணினிக் கழகத்தில், திரையில் பொத்தான்கள் வைக்கவும், தொட்டால் பேசும்படி செய்யவும் கற்றிருந்தாள். தஞ்சோங் மாலிமில் படிக்கும் அவள் அண்ணன் கென்னத் தன் பழைய மடிக்கணினியை வீட்டில் விட்டுப் போயிருந்தான். அதன் திரை விரலால் தொட்டாலே வேலை செய்யும்.

நான்கு நாள் உட்கார்ந்து இருபத்து நான்கு பொத்தான்கள் செய்தாள். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல. ஒவ்வொன்றிலும் அவளே பேசிப் பதிவு செய்திருந்தாள். ‘வலிக்குது’ பொத்தானில் மட்டும் பின்னால் ஒரு நாய் குரைத்தது. அதை மாற்ற நேரமில்லை.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். “சூப்பர். வரிசையா, அழகா இருக்கு” என்று பதில் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை துளசியின் மேசையில் கணினியைத் திறந்து வைத்தாள் ட்ரேசி. முத்தம்மாவும் புஷ்பலதாவும் பக்கத்தில் நின்றார்கள்.

“துளசி, உனக்கு என்னா வேணுமோ அதை அமுக்கு.”

துளசியின் கை நீண்டது. மேல் வரிசையைக் குறிவைத்துப் போனது. ஆனால் மணிக்கட்டு முதலில் கீழ் வரிசையில் விழுந்தது.

“தண்ணி வேணும்,” என்றது கணினி.

முத்தம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். துளசி தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடியும் கை நீண்டது.

“தண்ணி வேணும்.”

“இந்தா இருக்கே தாயி, தண்ணி.”

“தண்ணி வேணும். தூக்கம் வருது. தண்ணி வேணும்.”

முத்தம்மா குழப்பத்தோடு இன்னொரு கோப்பையும் கொண்டு வந்தார். கடைசியில் மேசையில் நான்கு கோப்பைத் தண்ணீர் இருந்தது. துளசியின் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அவள் கேட்டது கழிவறைக்குப் போக. புஷ்பலதாதான் கண்டுபிடித்து அவசரமாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ட்ரேசி அந்த நான்கு கோப்பைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். காது இரண்டும் சூடாகிவிட்டன.

மறுநாள் சனிக்கிழமை. ட்ரேசி காலையிலேயே வந்துவிட்டாள். கீழ் வரிசையைத் தூக்கி மேலே வைத்தாள். துளசி முயன்று பார்த்தாள், சரிவரவில்லை. உடனே பொத்தான்களைப் பெரிதாக்கினாள். அதுவும் சரிவரவில்லை. நிறத்தை மாற்றினாள். வலப்பக்கம் இருந்ததை இடப்பக்கம் கொண்டு வந்தாள், இடப்பக்கம் இருந்ததை நடுவில் வைத்தாள்.

“இப்ப பாரு. இல்ல இல்ல, இரு, இதை இங்க மாத்திடறேன். இப்ப பாரு.”

ஒரு பொத்தான் எங்கே இருக்கிறது என்று துளசி கண்டுபிடித்துக் கையை நீட்டும் முன்பே அது வேறு இடத்துக்குப் போய்விடும். ஆறாவது தடவை ட்ரேசி “இரு” என்றபோது துளசி இருக்கவில்லை. முழங்கையால் ஓர் இடி. மடிக்கணினி டப்பென்று மூடிக்கொண்டது.

துளசி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்த ட்ரேசி வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். திரும்பி நடந்தாள். அவள் அம்மா அகதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“தரை தேஞ்சிடும்லா. ஒரு எடத்துல உக்காரு.”

ட்ரேசி உட்காரவில்லை. அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“ரெண்டு வாரத்துல வாரேன், ட்ரேசி. வந்து பாத்துத் தாரேன்.”

“ரெண்டு வாரத்துல துளசி தைப்பிங்ல இருப்பா, அண்ணே.”

“ஆனா வரிசையெல்லாம் நல்லாதானே இருந்துச்சு?” என்றான் கென்னத்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மா இரண்டு தடவை முழங்காலில் தட்டி நிறுத்தினார். பூசை முடிந்து வந்ததும் ட்ரேசி பக்கத்து வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை.

“மன்னிச்சிரு துளசி,” என்றாள். “நான் பாட்டுக்கு மாத்திக்கிட்டே இருந்தேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல.”

துளசி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு “ம்” என்றாள். அது நல்ல ‘ம்’.

புஷ்பலதா பொரித்த வாழைப்பழம் ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்து மேசையின் நடுவில் வைத்தார். முகம் வாடியிருந்தது. அறை மூலையில் துளசியின் துணிகள் பாதி அடுக்கிய பை ஒன்று இருந்தது. ட்ரேசி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

அப்போது துளசி கையை நீட்டினாள். கை தட்டுக்குக் கொஞ்சம் கீழே விழுந்தது. கை முட்டியால் தட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தாள். தட்டு நடுவிலிருந்து நகர்ந்து இடப்பக்கம் வந்து ஓரிடத்தில் நின்றது. பிறகுதான் ஒரு துண்டை எடுத்தாள்.

“எப்பவும் அங்கதான் இழுப்பா,” என்றார் புஷ்பலதா. “நடுவுல வச்சா புடிக்காது.”

ட்ரேசி மேசையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். துளசியின் கோப்பை இடப்பக்கம். துடைக்கும் துண்டு அதற்கு மேலே. அவள் உருட்டி விளையாடும் பந்து அதற்கும் சற்று வலப்பக்கம். எல்லாம் வரிசையாக இல்லை. பிறைபோல வளைந்து இருந்தன. துளசியின் கை எப்படி வளைந்து போகுமோ அப்படி. அவளுக்கு முன்னால், கை விழுந்து நகரும் இடத்தில், ஒன்றுமே இல்லை.

துளசி தன் மேசையை என்றைக்கோ அடுக்கி முடித்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

“ஆன்டி, பழைய பிஸ்கட் பெட்டி இருக்கா? கத்திரிக்கோலும் வேணும்.”

பெட்டி அட்டையை வெட்டி இருபத்து நான்கு சீட்டுகள் செய்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லும் ஒரு சின்னப் படமும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள்.

“இதுதான் பட்டனுங்க. நீயே அடுக்கு. எது எங்க வேணும்னு நீ சொல்லு. நான் சும்மா இருக்கேன்.”

சும்மா இருப்பது பெரிய வேலையாக இருந்தது. ட்ரேசி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

துளசி முதலில் ‘தூக்கம் வருது’ சீட்டைத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போய் மேசையிலிருந்து கீழே விழ வைத்தாள். அடுத்து ‘நன்றி’ விழுந்தது. அடுத்து ‘தயவுசெய்து’.

“நன்றி சொல்ல வேணாமாடி?” என்றார் புஷ்பலதா.

துளசி சிரித்தாள். எதைத் தள்ளினாலும் தடுக்க ஆளில்லை என்று தெரிந்ததும் ‘பாடம் படிக்கணும்’ சீட்டும் பறந்தது.

‘பாத்ரூம்’ சீட்டைக் கைக்கு மிக அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள். ‘ஃபேன்’, ‘வேணாம்’, ‘பாருங்க’ எல்லாம் ஒவ்வொன்றாக வளைவில் வந்து சேர்ந்தன. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு முட்டி நுழையும் அளவுக்கு இடம் விட்டாள்.

ட்ரேசியால் பொறுக்க முடியவில்லை. “இது இங்கேயா? இல்ல அங்கேயா? இதுக்குப் பக்கத்துலயா?”

துளசி தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

“எத்தனை தடவ இல்ல இல்லன்னு ஆட்டுவே? கழுத்து வலிக்காது? ‘அது இல்ல’ன்னு ஒரு பட்டன் வச்சிடலாம் போல.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். துளசி பெரிதாக “ஆ” என்றாள். மேசையை ஓங்கித் தட்டினாள். சீட்டுகள் எல்லாம் ஒரு துள்ளுத் துள்ளின.

ட்ரேசிக்குப் புரிந்தது. தப்பான பொத்தானில் கை விழுந்தால் துளசிக்கு அதைத் திருத்த வழியே இல்லை. தண்ணீர் என்றால் தண்ணீர்தான், நான்கு கோப்பை குடித்தே ஆகவேண்டும். புதிய சீட்டு ஒன்றை வெட்டி ‘அது இல்ல’ என்று எழுதினாள். துளசி அதை வளைவின் நடுவில், எல்லாவற்றையும்விடச் சுலபமான இடத்தில் இழுத்து வைத்தாள்.

கடைசியில் பன்னிரண்டு சீட்டுகள் மேசையில் இருந்தன. மீதி எல்லாம் தரையில். பன்னிரண்டாவது சீட்டில் ‘ட்ரேசி’ என்று எழுதியிருந்தது. ட்ரேசி அதைக் குனிந்து பார்த்தாள்.

மேசையில் எப்படி இருந்ததோ அப்படியே கணினியில் அடுக்க மதியம் முழுவதும் ஆனது. திரையின் கீழ்ப்பகுதியை வெறுமையாக விட்டாள். மணிக்கட்டு அங்கே விழுந்தாலும் ஒன்றும் நடக்காது. பார்ப்பதற்கு எல்லாம் கோணல்மாணலாக இருந்தது. இந்தத் தடவை அண்ணனுக்குப் படம் அனுப்பவில்லை.

மாலை ஐந்து மணிக்கு முத்தம்மா வந்தார். தைப்பிங் பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அது. புஷ்பலதாவின் கையில் தொலைபேசி இருந்தது.

“சொல்லு தாயி, என்னா வேணும்?” என்றார் முத்தம்மா.

துளசியின் கை நீண்டது, கீழே விழுந்தது, நகர்ந்தது.

“ஃபேன்,” என்றது கணினி.

“வேர்க்குதாம்,” என்று புஷ்பலதா எழுந்து போய், மெதுவாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஐந்தாம் எண்ணுக்குத் திருப்பினார். காற்று துளசியின் முகத்தில் அடித்தது.

“அது இல்ல,” என்றது கணினி. சற்றுப் பொறுத்து, “ஃபேன்.” மறுபடியும் சற்றுப் பொறுத்து, “வேணாம்.”

புஷ்பலதா திகைத்து நின்றார். “ஃபேன் வேணாமா? தெனமும் உனக்கு வேர்க்கும்னு அஞ்சுல வைக்கிறேனே. புடிக்காதா உனக்கு?”

“வேணாம்,” என்றது கணினி. அது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, “வலிக்குது” என்றும் சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினாள். நாய் குரைத்தது.

முத்தம்மா எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். “இத்தனை வருசமா பெத்தவளுக்கே தெரியல. எனக்கு இப்ப தெரிஞ்சிருச்சு.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “நான் பாத்துக்கறேன், புஷ்பா. நீ வேலைக்குப் போ.”

புஷ்பலதா தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, அடுக்கிய பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை பள்ளியில் ட்ரேசியின் காதில் ஒரு பாடமும் ஏறவில்லை. இப்போது துளசி வந்திருப்பாள். இப்போது கணினியைத் திறந்திருப்பார்கள். முத்தம்மா அக்கா தப்பாக எதையாவது அமுக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டால்? அன்றைக்கென்று, வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் புறப்பாட நடவடிக்கை வேறு. மூன்றரை மணி வரை திடலில் நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. வேன் ஆமைபோல ஊர்ந்து வந்தது.

நனைந்துகொண்டே துளசி வீட்டுக்குள் ஓடினாள்.

வீடு முழுக்கச் சீருடை. நாற்காலி முதுகில், சன்னல் கம்பியில், தையல் இயந்திரத்தின் மேல், எங்கே பார்த்தாலும் நீலமும் வெள்ளையும் தொங்கின. நடுவில் துளசி உட்கார்ந்திருந்தாள், ராணிபோல.

“என்னா ஆச்சுக்கா?”

“அதை ஏன் கேக்குறே,” என்றார் முத்தம்மா. “தச்சதை எல்லாம் அலசி வெளிய காயப் போட்டிருந்தேன். பதினாலு செட். நாளைக்குக் குடுக்கணும். நான் பாட்டுக்கு மெஷின் ஓட்டிக்கிட்டு இருக்கேன், முதுகு வாசப்பக்கம். இவ ‘வெளியே’ங்கறா. மழ வர்ற மாதிரி இருக்கு, வெளிய போவக் கூடாது தாயின்னேன். ‘அது இல்ல’ங்கறா. ‘பாருங்க’ங்கறா. அப்புறம் ‘சீக்கிரம், சீக்கிரம், சீக்கிரம்’. எரிச்சலா வந்துச்சு எனக்கு. திரும்பிப் பாத்தா மழ வாசக் கேட் கிட்ட வந்துருச்சு. ஒரே ஓட்டம். ரெண்டு சட்டதான் நனைஞ்சுது.”

துளசி “பாருங்க” என்று அமுக்கி, தொங்கும் சீருடைகளைப் பெருமையாகப் பார்த்தாள்.

“மழைன்னு ஒரு பட்டன் வேணும் ட்ரேசி,” என்றார் முத்தம்மா. “அடுத்த தடவ எனக்குச் சீக்கிரம் வெளங்கணும்ல.”

ட்ரேசி தலையைத் துவட்டிக்கொண்டே அதைச் செய்தாள். எங்கே வைப்பது என்று துளசியைக் கேட்டாள். வைத்து முடித்தாள். மூடப் போனபோது துளசி “ட்ரேசி” என்று அமுக்கினாள்.

“இன்னொண்ணு வேணுமா?”

“ஆமா.”

“என்னா வேணும்? பந்தா? டிவியா?”

“அது இல்ல.”

“வெளாட்டா? வாழைப்பழமா? அம்மாவா?”

“அது இல்ல. அது இல்ல. அது இல்ல.”

துளசி கொஞ்சம் யோசித்தாள். “ட்ரேசி,” என்று அமுக்கினாள். பிறகு “பசிக்குது.” பிறகு தாடையைத் தூக்கி, “ம்ம்?” என்று இழுத்தாள்.

“உனக்கு ஏன் பசிக்குது, இப்பதானே...” என்று தொடங்கிய ட்ரேசி நிறுத்தினாள். “எனக்குப் பசிக்குதான்னு கேக்குறியா?”

“ஆமா.”

ட்ரேசி பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆமா இருந்தது, வேணாம் இருந்தது. துளசி எல்லாருக்கும் பதில் சொல்லலாம். யாரையும் எதையும் கேட்க ஒரு பொத்தான்கூட இல்லை. வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“பெரியவங்களையும் கேப்பே இல்ல? அப்ப மரியாதையா இருக்கணும்,” என்றாள். ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்து, குரலைக் கேள்விபோல உயர்த்தி, ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்தாள்.

ஆறரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து தாமான் முனையில் நின்றது. புஷ்பலதா குடையைக்கூட விரிக்காமல் வேகமாக நடந்து வந்தார். தொழிற்சாலைத் தொப்பி தலையிலேயே இருந்தது.

“சாப்ட்டாளா? அழுதாளா? ரொம்பப் படுத்திட்டாளா, முத்தம்மா?”

“என்னைக் கேக்காதே,” என்றார் முத்தம்மா. “அவளையே கேளு.”

புஷ்பலதா மகளின் பக்கம் திரும்பினார். “சாப்ட்டியாம்மா?”

“ஆமா.”

“எங்கயாச்சும் வலிக்குதா?”

“அது இல்ல.”

அதோடு முடிந்தது என்று நினைத்துப் புஷ்பலதா சமையலறைப் பக்கம் நகர்ந்தார். துளசியின் கை மெல்ல நீண்டது. விழுந்தது, நகர்ந்தது, புதிய பொத்தானில் போய் நின்றது.

“நீங்க?”

புஷ்பலதா நின்றார். பத்து வருடத்தில் துளசி அவரைப் பற்றி எதையும் கேட்டதில்லை. அன்று முதல் நாள் வேலை எப்படி என்று வேறு யாரும் கேட்கவும் இல்லை.

“நானா?” என்றார். தொப்பியோடு மகளின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “காலையில பஸ்ல ஏறினேனா, உக்கார எடமே இல்ல...” என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.